காரில் சிடி கேட்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான புதுக் கார்களில் சிடி போடுகிற இடமே இல்லை. ஆனால் மதுரைப் பக்கம் பல வீடுகளில் பரண் மேல் ஒரு பெட்டி சிடி இன்னும் இருக்கிறது. மணி ஐயர், சோமு கச்சேரி என்றால் பரவாயில்லை, இணையத்தில் தேடினால் ஏதாவது கிடைக்கும். ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடந்த நாடகம், அக்கா கல்யாணத்து நாதஸ்வரம், தாத்தா பாடிய தேவாரம் எல்லாம் அந்த வட்டில் மட்டும்தான். கார் ஆடியோ வேலை பார்க்கிறேன். காரில் சிடி கேட்கப் புதிதாக இறங்குகிறவர்கள் ஒரே இடத்தில் போய் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வட்டில் கைரேகை படக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

லேப்டாப் டிவிடி டிரைவைக் காரில் செருகுவது

லைட் எரியும், வட்டு சுற்றும், பாட்டு வராது. காரின் யுஎஸ்பி, பென் டிரைவில் இருப்பது போன்ற கோப்புகளைத்தான் தேடும். ஆடியோ சிடியில் அப்படிக் கோப்புகளே கிடையாது. காருக்கென்றே விற்கும் யுஎஸ்பி சிடி பிளேயர்களில் சில, தங்களைப் பென் டிரைவாகக் காருக்குக் காட்டிக்கொள்ளும். அதுவும் எல்லாக் காரிலும் ஓடாது. உங்கள் காரிலேயே செருகி, பாடிய பிறகு காசு கொடுங்கள். சில கார்களில் ஒரு யுஎஸ்பி சார்ஜுக்கு மட்டும்தான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிடிஏ கோப்பைக் காப்பி செய்துவிட்டு வட்டைத் தூக்கிப் போடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். "அண்ணே, பென் டிரைவைக் கார் எடுக்க மாட்டேங்குது, ஸ்கிரீன்ல கோளாறா?" என்றார். வாங்கி லேப்டாப்பில் போட்டேன். டிராக் 01, டிராக் 02 என்று வரிசையாகக் கோப்புகள், எல்லாம் சிடிஏ. ஒவ்வொன்றும் 44 பைட். வட்டைப் போட்டதும் விண்டோஸ் தானாகக் காட்டுகிற கோப்பு இது, பாட்டு அதில் இல்லை. வட்டில் எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடும் என்கிற குறிப்பு மட்டும்தான் இருக்கும். "சிடியைக் கொண்டு வாங்க" என்றேன். பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டாராம். அதில் இருந்தது அவருடைய அப்பா ஆர்மோனியம் வாசித்த நாடகம். வேறு பிரதி யாரிடமும் இல்லை.

அவரை ஏமாற்றியது எது தெரியுமா? காப்பி செய்ததும் அதே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார், பாடியிருக்கிறது. வட்டு டிரைவுக்குள் இருந்ததால் பாடியது! எம்பி3 சிடியில் கோப்பை அப்படியே இழுத்துப் போட்டால் போதும், அந்தப் பழக்கத்தில்தான் ஆடியோ சிடியிலும் ஏமாந்து போகிறார்கள். ஒரு முழு ஆடியோ சிடி சுமார் 700 எம்பி. கண் மூடித் திறப்பதற்குள் காப்பி முடிந்தால் சந்தேகப்பட வேண்டாமா?

சரி, எப்படிச் செய்வது? வட்டிலிருந்து பாட்டைக் கோப்பாக மாற்றி எடுக்கும் 'ரிப்' வசதி விண்டோஸ் மீடியா பிளேயரிலேயே இருக்கிறது. கீறல் விழுந்த பழைய வட்டுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்கிற இலவச மென்பொருள் நல்லது. படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். 320 கேபிபிஎஸ் எம்பி3 போதும், ஒரு மணி நேரத்துக்கு 150 எம்பிக்குள் அடங்கும். உங்கள் கார் எடுக்கும் என்றால் ஃபிளாக் வடிவக் கோப்பாகவே வையுங்கள், ஒலியில் எதுவும் குறையாது. ஒவ்வொரு வட்டுக்கும் தனி ஃபோல்டர் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது வட்டின் டிராக் 01 முதல் வட்டினுடையதை அழித்துவிடும். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் சில கார் ஸ்கிரீனில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். பென் டிரைவ் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் பல கார்கள் எடுக்காது, ஃபேட்32தான் பத்திரம். அப்புறம், வட்டை வெளியே எடுத்துவிட்டு, காரில் போட்டு, நடுவிலும் கடைசியிலும் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் வட்டை எடைக்குப் போடாதீர்கள்.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்

பிளேயரின் பாட்டைக் கார் ரேடியோவுக்கு எஃப்எம் அலையில் அனுப்பும் சின்னக் கருவி இது. மதுரைக்குள் 98.3இல் மிர்ச்சி, 106.4இல் ஹலோ. இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால் நாதஸ்வரத்துக்கு நடுவே விளம்பரம் வரும். காரில் ஆக்ஸ், அதாவது பிளேயரை ஒயரால் இணைக்கும் துளை இருந்தால் இது வேண்டவே வேண்டாம்.

ஆக்ஸில் வரும் இரைச்சல்

டிஸ்க்மேனை, அதாவது கையடக்க சிடி பிளேயரை, காரிலேயே சார்ஜ் போட்டு ஆக்ஸிலும் இணைத்தால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்ங்' என்று ஏறும். பிளேயர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், இரைச்சல் நின்றுவிட்டால், அதைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்கிற சின்னக் கருவி ஒன்று வாங்கி ஆக்ஸ் ஒயருக்கு நடுவில் போட்டால் சரியாகிவிடும்.

சிடிக்காக ஸ்கிரீனையே மாற்றுவது

சிடி போடும் செட்டை வைப்பதற்காகக் காரோடு வந்த ஸ்கிரீனைக் கழற்ற வேண்டாம். ஏசி, ரிவர்ஸ் கேமரா, ஸ்டியரிங் பட்டன் என்று பலதும் அதோடு பிணைந்திருக்கும்.

வட்டுகளை டேஷ்போர்டில் விடுவது

சித்திரை வெயிலில் வண்டியூர்ப் பக்கம் காரை நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் வட்டு வளைந்துபோகலாம். வீட்டில் எழுதிய சிடி-ஆர் இன்னும் மோசம், அதில் பதிவைத் தாங்குவது சாயம், வெயில் பட்டால் அது வெளுத்துவிடும். கல்யாண சிடி, நாடக சிடி எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். காருக்குப் பென் டிரைவ் போதும், வட்டைப் பெட்டியில் போட்டு வீட்டிலேயே வையுங்கள்.