போர்வெல் தண்ணிக்கு பழைய சாஃப்ட்னரை கழட்டி புதுசு மாட்டுறது எப்படி (அந்த நடு பைப்புல கவனம்!)

எங்க வீட்டு சாஃப்ட்னர் (கடினத் தண்ணியை மென்மையாக்குற கருவி) 14 வருஷம் உழைச்சுது. கடைசி ஆறு மாசமா உப்பு வழக்கம்போல கரையுது, ஆனா சோப்பு நுரைக்கவே இல்ல, ஷவர் ஓட்டையெல்லாம் வெள்ளையா அடைச்சுக்கிச்சு. நானே மாத்தினேன், ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு. அதுல ஒரு ஞாயிறு முழுக்க ஒரே ஒரு பைப்பால போச்சு, அதை கீழ விளக்கமா சொல்றேன். பைப் வெட்டுறது, ஒட்டுறது, டெஃப்லான் டேப் சுத்துறதெல்லாம் உங்களுக்கு தெரியும்னு வச்சுக்கிட்டுதான் எழுதுறேன்.

வாங்குறதுக்கு முன்னாடி

உப்புத் தொட்டிக்குள்ள ஒரு கம்பை விட்டு குத்திப் பாருங்க. சில சமயம் மேல உப்பு கெட்டி தட்டி பாலம் மாதிரி நிக்கும், கீழ வெறும் காலி. அப்புறம் வால்வுல உப்புத் தண்ணியை உறிஞ்சுற இன்ஜெக்டரை கழட்டி கழுவுங்க (குண்டூசி விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும்). ரெண்டும் சரியா இருந்தும் தண்ணி கடினமாவே வந்தா ரெசின் (டேங்க்குக்குள்ள கடினத்தை புடிக்கிற சின்ன மணிகள்) போச்சுன்னு வச்சுக்கலாம்.

டிடிஎஸ் (தண்ணில கரைஞ்ச மொத்த உப்பு) மீட்டரை வச்சு சாஃப்ட்னர் வேலை செய்யுதான்னு பார்க்காதீங்க, தயவுசெஞ்சு. சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை புடிச்சுக்கிட்டு பதிலுக்கு சோடியத்தை விடுது, அதனால டிடிஎஸ் கிட்டத்தட்ட அப்படியேதான் காட்டும். சொட்டு விட்டு பார்க்கிற ஹார்ட்னஸ் (கடினத்தன்மை, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு கணக்கு) கிட் வாங்குங்க, ஒயின் கலர்ல இருந்து நீலமாகுற வரைக்கும் சொட்டை எண்ணணும். பேப்பர் ஸ்ட்ரிப் எனக்கு பிடிக்கல, 300-க்கும் 400-க்கும் வித்தியாசமே தெரியல.

கிணறு, போர்வெல் தண்ணின்னா இரும்பையும் பார்த்தே ஆகணும். ஒரு வெள்ளை பக்கெட்ல தண்ணி புடிச்சு ராத்திரி முழுக்க வைங்க. வரும்போது தெளிவா இருந்து காலையில அடியில துரு நிறமா படிஞ்சா கரைஞ்ச இரும்பு, கொஞ்சமா இருந்தா சாஃப்ட்னரே எடுத்துடும். குழாயில வரும்போதே சிவப்பா வந்தா, இல்ல இரும்பு லிட்டருக்கு 2, 3 மில்லிகிராமை தாண்டினா, முன்னாடி தனியா இரும்பு ஃபில்டர் போடாம புது சாஃப்ட்னர் வாங்காதீங்க. எங்க பழைய ரெசினை கொட்டினப்போ தேன் நிறத்துல மணி மணியா இருக்க வேண்டியது செங்கல் பொடியை குழைச்ச மாதிரி இருந்துச்சு, விரல்ல நசுக்கினா மாவா போச்சு.

அளவு

ஆளுக்கு 150 லிட்டர்னு 4 பேருக்கு ஒரு நாளைக்கு 600 லிட்டர். ஹார்ட்னஸ் 400-ன்னா ஒரு நாளைக்கு 240 கிராம் ஹார்ட்னஸை புடிக்கணும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இரும்புக்கு ஹார்ட்னஸ்ல சுமார் 70 கூட்டிக்கோங்க. ஒரு லிட்டர் ரெசினை கழுவி மறுபடி தயாராக்க 100 கிராம் உப்பு போட்டா சுமார் 45 கிராம் ஹார்ட்னஸை புடிக்கும். அப்போ 28 லிட்டர் ரெசின் 5 நாள் தாங்கும். உப்பை 240 கிராமா ஏத்தினாலும் 70 கிட்டதான் வரும், அதாவது ரெண்டரை மடங்கு உப்புக்கு ஒன்றரை மடங்கு பலன், அதனால நான் குறைச்சுதான் வச்சிருக்கேன். வால்வு எடுக்கும்போது தண்ணி அளவை எண்ணி தானா கழுவிக்கிற மீட்டர் வால்வா எடுங்க. டைமர் வால்வு வீட்ல ஆள் இல்லாட்டியும் உப்பை கரைச்சுக்கிட்டே இருக்கும்.

கழட்டுறது

பைபாஸ்ல (தண்ணி சாஃப்ட்னருக்குள்ள போகாம நேரா போற வழி) போட்டு, அழுத்தத்தை இறக்கி, கரண்ட் பிளக்கை எடுத்துட்டு, ஹோஸ் விட்டு தண்ணியை உறிஞ்சி எடுத்துடுங்க, நிறைஞ்ச டேங்கை ஒரு ஆள் தூக்கவே முடியாது. உங்க வீட்ல இரும்பு, செம்பு பைப்ல எர்த் கொடுத்திருந்தா, நடுவுல பிளாஸ்டிக் பைபாஸ் வந்ததும் அந்த எர்த் அறுந்துடும், எலெக்ட்ரீஷியனை கூப்பிட்டு ஒயர் போட்டு இணைச்சுடுங்க.

நடு பைப்

இங்கதான் என் ஞாயிறு போச்சு. டேங்க் நடுவுல மேல இருந்து அடி வரைக்கும் ஒரு பைப் போகும், அடியில சல்லடை கூடை இருக்கும். நான் ரெசினை கொட்டக் கொட்ட பைப் மூணு விரல்கடை மேல ஏறிடுச்சு. திருப்பி அமுக்கினா இறங்கவே மாட்டேங்குது, ஏன்னா கூடைக்கு அடியில ரெசின் போய் உக்காந்துடுச்சு. வால்வு உக்காரல. முழுசா வெளிய கொட்டி மறுபடி ஆரம்பிச்சேன்.

சரியான வழி: டேங்க் அடியில ஒரு குழி இருக்கும், கூடை அதுல உக்காந்துச்சான்னு டார்ச் அடிச்சு பாருங்க. பைப் உயரம் டேங்க் வாய்க்கு சமமா இருக்கணுமா இல்ல கொஞ்சம் மேல இருக்கணுமான்னு வால்வோட வந்த தாள்ல இருக்கும், அதன்படி முதல்லயே வெட்டிடுங்க. பைப் வாயை டேப் ஒட்டி இறுக்கி மூடுங்க, உள்ள ஒரு பிடி ரெசின் போனாலும் அது நேரா வீட்டு குழாய்க்குதான் போகும். டேங்க்ல கால்வாசி தண்ணி ஊத்திட்டு, ஒருத்தர் பைப்பை அமுக்கிப் புடிச்சுக்க, இன்னொருத்தர் அகலமான புனல்ல மெதுவா கொட்டணும். டேங்க்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல போடாதீங்க, கழுவும்போது ரெசின் மேல எழும்ப இடம் வேணும். டேப்பை எடுக்க மறக்காதீங்க! ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும்தான்.

முதல் ஓட்டம்

தண்ணி நிரப்பி சில மணி நேரம் ஊற விடுங்க. இன்லெட் வால்வை கால் திருப்பு மட்டும் திறந்து பேக்வாஷ் (கீழ இருந்து மேல தண்ணி விட்டு ரெசினை கழுவுறது) விடுங்க, முதல்ல டீ நிறத்துல வரும், தெளியுற வரைக்கும் விடணும். டிரெயின் ஹோஸை சாக்கடை பைப்புக்குள்ள சொருகாதீங்க, ஒரு இடைவெளி விட்டு மேல தொங்கட்டும். அந்த உப்புத் தண்ணி செடிக்கு ஆகாது.

100 ஹார்ட்னஸுக்கு லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் ஏறும். உப்பு குறைக்கச் சொன்னவங்க வீட்ல இருந்தா குடிக்கிற குழாயை சாஃப்ட்னருக்கு முன்னாடியே பிரிச்சுடுங்க.

பிறகு சேர்த்தது: மாட்டின பிறகும் ஹார்ட்னஸ் பாதிதான் குறையுதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. ஒருத்தருக்கு நடு பைப் மேல உக்காருற ஓ-ரிங் விட்டுப்போயிருந்துச்சு, கடினத் தண்ணி அது வழியா கலந்துடுச்சு. இன்னொருத்தருக்கு மேல்தொட்டி தண்ணி. 10 மீட்டர் உயரத்துக்கே 1 பார்தான் அழுத்தம், பெரும்பாலான வால்வுக்கு 1.5 பாராவது வேணும், இல்லாட்டி உப்புத் தண்ணியை உறிஞ்சாது. சின்ன பிரஷர் பம்ப் வச்சதும் சரியாச்சு.

இன்னொண்ணு: கிணத்துக்கு பிளீச்சிங் பவுடர் போடுற அன்னிக்கு சாஃப்ட்னரை பைபாஸ்ல போடுங்க, குளோரின் வாசனை போற வரைக்கும் அப்படியே இருக்கட்டும், குளோரின் ரெசினை அரிச்சுடும்.