பிள்ளை படிப்பில் திணறினால்: அமெரிக்கப் பள்ளியில் சிறப்புக் கல்வி மதிப்பீடு கேட்பது எப்படி?

மூன்றாம் வகுப்பு வந்தும் பிள்ளை வாசிக்கத் தடுமாறுகிறது என்று சொன்னால், பள்ளியில் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்பதுதான். அந்தக் கொஞ்ச நாள் ஒரு கல்வியாண்டையே விழுங்கிவிடும். ஆசிரியர் சொல்லும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஐடியா (IDEA) எனப்படும், குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான மத்தியச் சட்டப்படி, 3 முதல் 21 வயது வரையுள்ள பிள்ளைக்கு 'இவால்யூவேஷன்', அதாவது மதிப்பீடு, வேண்டும் என்று பெற்றோரே கேட்கலாம். கட்டணம் எதுவும் கிடையாது.

படி 1: எழுத்தில் கேளுங்கள்

பேரன்ட்-டீச்சர் சந்திப்பில் வாய்மொழியாகச் சொன்னதற்குத் தடயம் இருக்காது. பள்ளி முதல்வருக்கும் பள்ளி மாவட்டத்தின் (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, அன்றைய தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். "ஐடியா சட்டத்தின்கீழ் சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு கேட்கிறேன்" என்ற வரி கட்டாயம் வேண்டும். "கூடுதல் உதவி தேவை" என்று மட்டும் எழுதினால் டியூஷன் போல ஏதாவது தந்து முடித்துவிடுவார்கள்.

கவலைகளைப் பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். "படிப்பில் மந்தம்" என்பதால் யாருக்கும் பயனில்லை. "ஒரு பக்கம் வாசிக்க இருபது நிமிடம் ஆகிறது, நேற்றுக் கற்ற சொல்லை இன்று அடையாளம் தெரியவில்லை, வாயால் சொல்வதை எழுதச் சொன்னால் இரண்டு வரிக்குமேல் வருவதில்லை" என்பதுபோல எழுதினால், எந்தெந்தத் துறையில் சோதிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

படி 2: "முதலில் ஆர்டிஐ முடியட்டும்" என்றால்

ஆர்டிஐ (Response to Intervention) அல்லது எம்டிஎஸ்எஸ் (Multi-Tiered System of Supports) என்பது வகுப்பிலேயே படிப்படியாகத் தரும் கூடுதல் பயிற்சி. நல்ல விஷயம்தான், தொடரட்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 2011 ஜனவரியிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். பள்ளி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதற்கு 'பிரையர் ரிட்டன் நோட்டீஸ்' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே சில நேரம் மறுப்பு மாறிவிடுவதுண்டு.

படி 3: கையெழுத்தும் நாள் கணக்கும்

மத்திய விதிப்படி மதிப்பீட்டை முடிக்க 60 நாள். ஆனால் நாட்கள் ஓடத் தொடங்குவது உங்கள் கடிதத்திலிருந்து அல்ல, நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் பள்ளிக்குக் கிடைத்த நாளிலிருந்து. பலர் ஏமாறுவது இங்கேதான். மாநிலங்கள் தங்களுக்கென வேறு கணக்கு வைக்கலாம்: டெக்சஸில் அறிக்கைக்கு 45 பள்ளி நாட்கள், கலிஃபோர்னியாவில் கோரிக்கை வந்த 15 நாளில் மதிப்பீட்டுத் திட்டத்தைத் தர வேண்டும். படிவம் வந்ததும், நீங்கள் கவலைப்பட்ட ஒவ்வொரு துறையும் (வாசிப்பு, எழுத்து, கணக்கு, பேச்சு, கவனம், நடத்தை) அதில் இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் கையெழுத்திடும் முன்பே சேர்க்கச் சொல்லுங்கள். இந்தக் கையெழுத்து சோதனைக்கு மட்டுமே. சிறப்புக் கல்வி தொடங்கப் பின்னால் தனிச் சம்மதம் கேட்பார்கள்.

படி 4: வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை

பள்ளியில் சேர்க்கும்போது நிரப்பிய வீட்டு மொழிப் படிவம் இங்கே வந்து நிற்கும். ஆங்கிலம் போதாமைதான் தீர்மானிக்கும் காரணம் என்றால் பிள்ளையைச் சிறப்புக் கல்விக்குத் தகுதியானவர் என்று முடிவு செய்யக் கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதற்காக, இஎஸ்எல் (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்) வகுப்பில் இருக்கிறார் என்பதை மட்டும் சாக்காக வைத்து மதிப்பீட்டை மறுக்கவும் முடியாது. எனவே மதிப்பீடு செய்யும் உளவியலாளரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: தமிழில் கதை சொல்லச் சொன்னாலும் சொல் கிடைக்காமல் திணறுகிறாரா, மூன்று வேலை சேர்த்துச் சொன்னால் ஒன்றைத்தான் நினைவில் வைக்கிறாரா? இரண்டு மொழியிலும் அதே சிக்கல் இருந்தால், காரணம் ஆங்கிலக் குறைவு மட்டுமல்ல என்பதற்கு அது வலுவான அறிகுறி. வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டு மொழி பேசுவது கற்றல் குறைபாட்டை உண்டாக்காது. கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

படி 5: அறிக்கையின் எண்களை வாசித்தல்

கூட்டத்துக்குமுன் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கூட்ட மேசையில் முதன்முறையாகப் பார்த்தால் எதுவும் மண்டையில் ஏறாது.

விஸ்க் போன்ற அறிவுத்திறன் சோதனையிலும், உட்காக்-ஜான்சன், வையட் போன்ற கல்விச் சோதனைகளிலும் வரும் 'ஸ்டாண்டர்ட் ஸ்கோர்' நூற்றுக்கு இத்தனை மார்க் அல்ல. 100 என்பது அந்த வயதின் சராசரி. அதிலிருந்து மேலும் கீழும் 15 புள்ளி ஒரு படி. 85 என்றால் நல்ல மதிப்பெண் போலத் தெரியும், ஆனால் அது 16-ஆம் பெர்சென்டைல்: அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் சுமார் 84 பேர் இவருக்கு மேலே. 70 என்றால் 2-ஆம் பெர்சென்டைல். விஸ்க்கின் துணைச் சோதனைகளுக்குச் சராசரி 10.

மொத்த ஐக்யூ எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். விஸ்க் ஐந்தாம் பதிப்பில் ஐந்து பிரிவுகள் உண்டு. மொழிப் புரிதல் 118, செயலாக்க வேகம் 78 என்று வந்தால், மொத்த எண் சராசரியாகத் தெரிந்து இரண்டையும் மறைத்துவிடும். பிள்ளையின் சிக்கல் அந்த இடைவெளியில்தான் இருக்கக்கூடும். 'கிரேட் ஈக்விவலன்ட் 2.3' (இரண்டாம் வகுப்பின் மூன்றாம் மாத நிலை) போன்ற எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க எளிது, துல்லியம் குறைவு.

படி 6: தகுதிக் கூட்டம்

இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' வேண்டும். சட்டத்தின் 13 குறைபாட்டு வகைகளில் ஒன்றில் பிள்ளை வருகிறாரா? அதனால் அவருக்குச் சிறப்புக் கற்பித்தல் தேவைப்படுகிறதா? டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' வகையில் வரும். ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) பெரும்பாலும் 'பிற உடல்நலக் குறைபாடு' வகையில். மருத்துவர் தந்த சான்றை அவர்கள் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஆனால் அது மட்டும் தகுதியை முடிவு செய்யாது. "கிரேடு நன்றாகத்தானே இருக்கிறது" என்பதும் மறுக்கப் போதிய காரணமல்ல. ஆண்டுதோறும் தேர்ச்சி பெறும் பிள்ளையும் தகுதி பெறலாம். தினமும் மூன்று மணி நேரம் வீட்டில் உட்கார்ந்து நீங்கள் சொல்லிக்கொடுப்பதால்தான் அந்தக் கிரேடு வருகிறதென்றால், அதைக் கூட்டத்தில் சொல்லிக் குறிப்பிலும் ஏற்றச் சொல்லுங்கள்.

தகுதி உறுதியானால் 30 நாளுக்குள் ஐஇபி (பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) கூட்டம் நடக்க வேண்டும். குறைந்தது மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு உண்டு. முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றால் 504 பிளான் கேளுங்கள். தேர்வில் கூடுதல் நேரம், முன்வரிசை இருக்கை போன்ற வசதிகள் அதில் கிடைக்கும்.

படி 7: முடிவு தவறென்று பட்டால்

பள்ளியின் மதிப்பீட்டை ஏற்கவில்லை என்று எழுதி, மாவட்டத்தின் செலவில் வெளி நிபுணரின் மதிப்பீட்டைக் கேட்கலாம். இதை ஐஇஇ என்பார்கள். பள்ளி மாவட்டம் செலவை ஏற்க வேண்டும்; அல்லது தன் மதிப்பீடு சரியென்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும். ஏன் ஏற்கவில்லை என்று அவர்கள் கேட்கலாம். பதில் சொல்லும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. இந்தக் கோரிக்கைக்கு முன்பே சொந்தப் பணத்தில் தனியாரிடம் போய்விட்டால் அந்தச் செலவு திரும்பக் கிடைப்பது கடினம். கடிதம் முதலில் போகட்டும்.