துணி ஹேங்கரில் ஒரு 2 மீட்டர் ஆன்டெனா

2 மீட்டர் என்பது ஆன்டெனாவின் நீளமல்ல; ஹாம் (அமெச்சூர்) ரேடியோவில் 145 மெகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள அலைவரிசையின் அலைநீளம்.

வேண்டியவை: கம்பி ஹேங்கர் 5, நான்கு மூலையிலும் துளையுள்ள எஸ்ஓ-239 சாக்கெட் (ஆன்டெனா கேபிளைத் திருகி மாட்டுவது) 1, 3 மி.மீ. போல்ட்டும் நட்டும் 4 ஜோடி.

145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளக் கம்பி சுமார் 49 செ.மீ. வெட்டும்போது 51 ஆக வெட்டுங்கள். குறைப்பது எளிது, ஒட்டவைப்பது தலைவலி. இதைச் சாக்கெட்டின் நடுமுனையில் நிமிர்த்திச் சால்டர் செய்யவும். மற்ற நான்கையும் 52 செ.மீ. நீளத்தில் வெட்டி, நுனியை வளையமாக்கி, மூலைத் துளைகளில் போல்ட் போட்டு இறுக்கி, 45 டிகிரி கீழ்நோக்கி வளைக்கவும். தட்டையாக விட்டால் ஆன்டெனாவின் மின்மறுப்பு, ரேடியோவும் கேபிளும் எதிர்பார்க்கும் 50 ஓமை எட்டாது.

பெரும்பாலும் சொதப்புவது பூச்சில்தான். ஹேங்கர் கம்பியின் வார்னிஷ் மின்சாரத்தைக் கடத்தாது. இணைப்பு வரும் இடங்களை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்க்கவும். இரும்பில் ஈயம் சட்டென ஒட்டாது; ஃப்ளக்ஸும் (சால்டர் பிடிக்க உதவும் பொருள்) நல்ல சூடும் வேண்டும்.

எஸ்டபிள்யூஆர் என்பது ஆன்டெனாவுக்கு அனுப்பும் சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் கச்சிதம். அது 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே குறைந்து, மேலே ஏறினால் நடுக்கம்பியின் நீளம் அதிகம். 5 மி.மீ. வெட்டினால் சுமார் 1.5 மெகாஹெர்ட்ஸ் நகரும். எஸ்டபிள்யூஆர் 1.5-க்குக் கீழ் வந்தால் போதும், அதற்குமேல் மெனக்கெடுவது வீண்.

நுனிகளை வளைத்துவிடுங்கள், கண்ணைக் குத்தும். மின்கம்பிக்கு அருகில் ஏற்ற வேண்டாம். கேட்க மட்டுமானால் அளவு சற்றுப் பிசகினாலும் பாதகமில்லை. ஒலிபரப்ப உரிமம் வேண்டும்.