பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் கண்காட்சி: திறப்பு நாளுக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

கண்காட்சி சொதப்பினால் பழி திறப்பு விழாவன்று ஓடியாடியவர்கள் மேல் விழும். பெரும்பாலும் தவறு அதற்குப் பல மாதம் முன்பு, தேதி குறித்த அன்றே நடந்திருக்கும்.

கூடம் எப்போது காலி என்று மட்டும் பார்த்துத் தேதி வைப்பதுதான் ஆரம்பத் தவறு. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு திறந்தால் மாணவர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். விடுமுறையில் திறந்தால் வளாகத்தில் ஆளே இருக்காது. பருவம் தொடங்கிய இரண்டாவது, மூன்றாவது வாரம் தோதான நேரம். எந்தெந்தப் படைப்புகள் வருகின்றன என்ற பட்டியலோ முந்தைய பருவத்திலேயே ஆசிரியர்கள் கையில் இருக்க வேண்டும். பாடத்திட்டத்தை எழுதி முடித்துவிட்ட பேராசிரியரிடம் வகுப்பை அழைத்து வரச் சொன்னால், மரியாதைக்குத் தலையாட்டுவார், வர மாட்டார். அழைப்பை நுண்கலைத் துறையோடு நிறுத்துவதும் தவறு. ஆக்ஸ்ஃபோர்டில் 1683இல் திறந்த ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் மூலக் கட்டடத்தில் அடித்தளமே வேதியியல் ஆய்வுக்கூடமாக இருந்தது. நிறமியைப் பற்றிப் பேச வேதியியல்காரர்களுக்கு இன்றும் நிறைய விஷயம் உண்டு.

திறப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணாதது

வேறு அருங்காட்சியகத்திடம் படைப்பை இரவல் கேட்க 9 முதல் 12 மாதம் முன்பே கடிதம் போக வேண்டும். உங்கள் கூடத்தின் காவல், தீத்தடுப்பு, வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் விவரம் கேட்பார்கள். ஈரப்பதம் 40–60 சதவீதத்துக்குள் நிற்கிறது என்று காட்ட ஒரு வாரப் பதிவு போதாது. மழைக்காலம், வெயில்காலம் என மாறுவதையும் காட்டும் ஓராண்டுப் பதிவு வேண்டும். காப்பீடு, படைப்பு அவர்கள் சுவரிலிருந்து இறங்கிய நொடி முதல் அதே சுவருக்குத் திரும்பும் வரை இருக்க வேண்டும். போக்குவரத்துக்கு மட்டும் காப்பீடு எடுத்துவிட்டுக் கிடங்கில் இருக்கும் நாட்களை மறந்துவிடுகிறார்கள். மாணவர் படைப்பானாலும் எழுத்து ஒப்பந்தம் போடுங்கள். சேதமானால் மனத்தாங்கல் அங்கேதான் அதிகம்.

பெட்டி வந்ததும் திறக்கும் அவசரம் இன்னொன்று. குளிர்ந்த வண்டியிலிருந்து வெதுவெதுப்பான அறைக்கு வந்த பொருளின் மேல் ஈரம் படியும். 24 மணி நேரம் பெட்டி மூடியபடியே கிடக்கட்டும். திறந்தவுடன், படைப்பு எந்த நிலையில் வந்தது என்று நிலை அறிக்கை எழுதுங்கள். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் படமெடுத்தால் விரிசலும் வண்ண உரிவும் தெளிவாகத் தெரியும்.

சுவர் வண்ணத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள், புதிய கண்ணாடிப் பேழைக்கு மூன்று நான்கு வாரம். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையும் பசையும் கரிம அமில ஆவியை விடும். மூடிய பேழைக்குள் அது ஈயப் பொருளை அரித்துவிடும். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். பலகை, பசை போன்ற ஒரு பொருள் பேழை செய்ய ஏற்றதா என்று அறிய ஆடி (Oddy) சோதனை இருக்கிறது. வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளை அந்தப் பொருளோடு ஈரக்காற்றில் அடைத்து 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பார்கள். சோதனைக்கே 28 நாள் என்பதால், கடைசி வாரத்தில் பலகை வாங்கினால் ஊகத்தை நம்பித்தான் பொருளை உள்ளே வைக்க நேரும்.

ஒளி: திரும்பப் பெற முடியாத செலவு

நீர்வண்ணம், அச்சு, துணி, பழைய ஒளிப்படம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) ஒளி போதும். எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். மீட்டரில் 50 காட்டியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பிழை. சேதம் கூட்டுக் கணக்கு. நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 6 நாள், 12 வாரம் என்றால் 28,800 லக்ஸ்-மணி. துப்புரவு, மாலைச் சொற்பொழிவு என நாளுக்கு 4 மணி நேரம் கூடினால் 43,200. ஒன்றரை மடங்கு சேதம், பார்வையாளர் ஒருவர்கூடக் கூடாமலேயே. துப்புரவுக்குத் தனி விளக்கு வையுங்கள்.

ஹார்வர்டில் நடந்ததைக் கலைக்கூடக்காரர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மார்க் ராத்கோ அந்தப் பல்கலைக்கழகத்துக்கென்று தீட்டிய ஐந்து பெரிய ஓவியங்களை 1964இல் ஹோலியோக் மையத்தின் உணவறையில் மாட்டினார்கள். சன்னல் வழியே வெயில் கொட்டியது. அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு வெயில் தாங்காத நிறமி. கருஞ்சிவப்பு வெளுத்தது, விருந்துகளில் உணவும் தெறித்தது. 1979இல் அவற்றைக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். 2014இல் காட்டியபோது, இழந்த நிறத்தைப் புரொஜெக்டர் ஒளியாக ஓவியத்தின் மேல் வீச வேண்டியிருந்தது. புரொஜெக்டரை அணைத்தால் வெளுத்த ஓவியம்தான்.

மாட்டுவதும் எழுதுவதும்

சட்டகத்தின் மேல் விளிம்புகளை ஒரே கோட்டில் வைக்காமல், ஓவியங்களின் நடுப்புள்ளிகளைத் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் வையுங்கள். கொக்கியின் உயரம் இப்படி வரும்: 150 + சட்டக உயரத்தில் பாதி – சட்டகத்தின் பின்னால் உள்ள, இழுத்துப் பிடித்த கம்பிக்கும் மேல் விளிம்புக்கும் உள்ள இடைவெளி. 80 செ.மீ. சட்டகம், 12 செ.மீ. இடைவெளி என்றால் 150 + 40 – 12 = 178 செ.மீ. கம்பியைத் தொங்கவிட்டு அளந்தால் கணக்குப் பிசகும்.

பல்கலைக்கழகத்துக்கே உரிய நோய் ஒன்று உண்டு: விளக்க அட்டையில் ஆய்வேட்டை எழுதுவது. ஒரு படைப்புக்கு 50 முதல் 75 சொல், முகப்புப் பலகைக்கு 150 முதல் 200 சொல், எழுத்து குறைந்தது 18 புள்ளி. துறைக்கு வெளியே உள்ள ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் வெட்டுங்கள். மீதியைக் கையேட்டில் போடலாம்.

பொது நிகழ்ச்சி

திறப்பு விழாவுக்கு எத்தனை நாற்காலி என்று எண்ணுவார்கள், எத்தனை உடம்பு என்று எண்ணுவதில்லை. நூறு பேர் ஒரே அறையில் ஒரு மணி நேரம் நின்றால் ஈரப்பதமும் வெப்பமும் ஏறும். பேச்சை வெளி அரங்கிலும், பார்வையைச் சிறு குழுக்களாகவும் பிரிப்பது நல்லது. ஒரு வழிகாட்டிக்கு 15 முதல் 20 பேர். சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டம் வேண்டும் என்பது பீடங்களை இடம் மாற்றும்போது நினைவில் இருக்கட்டும். உணவு, பானம், பூச்சாடி கூடத்துக்கு வெளியே. பூவோடு பூச்சி வரும். வரைதல் பயிற்சிக்குப் பென்சில் மட்டும்.

முதுகுப்பையைக் கழற்றச் சொல்ல ஒருவரை நுழைவாயிலிலேயே நிறுத்துங்கள். முதுகில் பை இருக்கும் மாணவர், பக்கத்துப் படத்தைப் பார்க்கத் திரும்பும்போது பின்னால் இருக்கும் பீடத்தைப் பார்க்க மாட்டார்.