போனில் ஹெட்போன் ஓட்டை இல்லையா? வயரா, ப்ளூடூத்தா என்று முடிவு செய்து இணைப்பது எப்படி

2016-இல் வந்த ஐபோன் 7-இல் ஆப்பிள் 3.5 மி.மீ. ஜாக்கை எடுத்துவிட்டது. சாம்சங் 2019-இல் கேலக்ஸி நோட் 10-இல் எடுத்தது. இன்று விலை கூடிய போன்களில் அந்த வட்ட ஓட்டையைப் பார்ப்பதே அரிது; குறைந்த விலைப் போன்கள் சிலவற்றில் மட்டும் இன்னும் இருக்கிறது. அதனால் ஹெட்போனைத் தேடுவதற்கு முன் உங்கள் போன் எதை ஏற்கும் என்று பார்த்துவிடுங்கள். "புது ஹெட்போன், சத்தமே வரவில்லை" என்று கடைக்குத் திரும்பி வருகிற பலரின் ஹெட்போனில் கோளாறே இருக்காது. நடுவில் இருக்கும் கன்வெர்ட்டரிலோ, ப்ளூடூத் செட்டிங்ஸிலோதான் சிக்கல் இருக்கும்.

படி 1: போனையும் பின்னையும் பாருங்கள்

போனின் அடியிலோ உச்சியிலோ வட்ட ஓட்டை இருந்தால் எந்த 3.5 மி.மீ. ஹெட்போனும் நேராகச் சேரும். நீள்வட்ட ஓட்டை மட்டும் இருந்தால் அது டைப்-சி. ஐபோன் 14 வரையிலான மாடல்களில் இருப்பது லைட்னிங் என்ற ஆப்பிளின் தனி ஓட்டை. 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் டைப்-சி.

அடுத்து, ஹெட்போன் பின்னில் இருக்கும் கறுப்பு அல்லது வெள்ளை வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் என்றால் பாட்டு மட்டும், மைக் கிடையாது. மூன்று வளையம் என்றால் மைக்கும் உண்டு. இரண்டு வளையப் பின்னைச் செருகிப் பேசினால் எதிர்முனைக்குப் போவது போனின் மைக்கில் விழுகிற குரல்தான்.

படி 2: எதற்காகக் கேட்கப்போகிறீர்கள்?

பேருந்தில் பாட்டு, நடைப்பயிற்சி, சமையலறையில் வேலை செய்துகொண்டே செய்தி கேட்பது போன்றவற்றுக்கு ப்ளூடூத் தாராளமாகப் போதும். வயர் எதிலும் மாட்டாது என்பதே பெரிய நிம்மதி. ஆனால் இரண்டு இடங்களில் ப்ளூடூத் கட்டாயம் தடுமாறும்.

ஒன்று, தாமதம். போன் ஒலியைச் சுருக்கி அனுப்ப, இயர்பட் அதை வாங்கிச் சேர்த்துவைத்து விரித்து ஒலிக்க, பொதுவாக 100 முதல் 250 மில்லிசெகண்ட் ஆகிறது. படம் பார்க்கும்போது இது தெரியாது. வீடியோ ஆப்களே படத்தையும் அதே அளவு தள்ளிவைத்துவிடும். கேமில் அப்படித் தள்ளிவைக்க முடியாது. சுட்ட பிறகு சத்தம் வரும். போனில் கீபோர்டு வாசிப்பவர்களுக்கும், கரோக்கியில் பாடிப் பதிவு செய்பவர்களுக்கும் இதே தொல்லைதான். கேம் மோடு உள்ள இயர்பட்களில் தாமதம் குறையும், மறையாது. வயரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டு, மைக். சாதாரண ப்ளூடூத்தில் தரமான ஸ்டீரியோ ஒலி ஒரு திசையில்தான் போகும். மைக் தேவைப்பட்ட நொடியில் இணைப்பு போன் பேசுவதற்கான முறைக்கு மாறிவிடும். ஒலி மோனோவாகி, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதெல்லாம் வெட்டுப்படும். கேமில் வாய்ஸ் சாட்டைப் போட்டதும் சத்தம் சப்பென்று ஆவது இதனால்தான். ஆன்லைனில் வாய்ப்பாட்டோ வீணையோ கற்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: குருவின் கமகமும் மாணவரின் சுருதியும் தொலைபேசித் தரத்தில்தான் போய்ச் சேரும். அந்த ஒரு மணி நேரத்துக்கு மைக் உள்ள வயர் ஹெட்செட்டே சரி.

ஜாக் உள்ள போனில் எஃப்எம் கேட்பவர்களுக்கும் வயர் வேண்டும், அந்த வயர்தான் ஆன்டெனா.

படி 3: வயர் என்றால், கன்வெர்ட்டரைச் சரியாக வாங்குங்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். டைப்-சியிலிருந்து 3.5 மி.மீ. ஜாக்குக்கு மாற்றும் சிறு வயர்கள் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு வகை.

முதல் வகையில் சிப் எதுவும் இல்லை. போன் தன் டிஜிட்டல் ஒலியை உள்ளேயே அனலாக்காக மாற்றி டைப்-சி வழியாக அனுப்பினால் இது வேலை செய்யும். ஷாவ்மி, ஹுவாவே போன்களில் சில பழைய மாடல்கள் அப்படி அனுப்பும். சாம்சங் கேலக்ஸி எஸ்20 வரிசை, கூகுள் பிக்சல், ஐபோன் 15 போன்றவை அனுப்பாது. அவற்றில் இந்த வயரைச் செருகினால் பாட்டு போன் ஸ்பீக்கரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் வகையில் டிஏசி என்ற சிப் இருக்கும். டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் வேலையை அதுவே பார்த்துக்கொள்வதால் ஏறக்குறைய எல்லா டைப்-சி போன்களிலும் ஓடும். வாங்கும்போது அட்டையில் டிஏசி என்றோ, 24 பிட் / 96 கிலோஹெர்ட்ஸ் போன்ற அளவோ அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லாமல் விலை மட்டும் மிகக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

ஆப்பிளின் டைப்-சி கன்வெர்ட்டரிலும் டிஏசி உண்டு, ஒலியும் நன்றாக இருக்கும். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் வால்யூமை முழுக்கக் கூட்டினாலும் குறைவாகத்தான் வரும். ஆண்ட்ராய்டுக்கு வேறு டிஏசி வாங்குவதே மேல்.

செருகியும் சத்தம் இல்லையென்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. பின் கடைசி வரை போகிறதா? சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் இருக்கும் பஞ்சு டைப்-சி ஓட்டையின் அடியில் அழுந்தி அட்டைபோல் ஆகிவிடும். போனை ஆஃப் செய்து, மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் சார்ஜும் போய்விடும்.
2. ஒப்போ, ரியல்மி, விவோ, ஒன்பிளஸ் போன்களில் பல மாடல்களுக்கு செட்டிங்ஸில் ஓடிஜியை (டைப்-சி வழியாக வேறு சாதனங்களை இணைக்கும் வசதி) ஆன் செய்ய வேண்டும். சும்மா விட்டால் 10 நிமிடத்தில் தானே ஆஃப் ஆகிவிடும்.
3. இசை கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருகிறதா? மைக் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். உடனே குரல் தெளிந்தால், ஹெட்செட் பழைய முறையில் வயரிங் செய்தது: மைக்கும் எர்த்தும் இடம் மாறியிருக்கின்றன. அதற்கென்று தனி அடாப்டர் உண்டு, ஆனால் ஹெட்செட்டையே மாற்றுவது எளிது.

லைட்னிங் ஐபோன்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலிவான சில லைட்னிங் இயர்போன்களைச் செருகியதும் ப்ளூடூத்தை ஆன் செய்யச் சொல்லும். வயர் கரண்ட் எடுக்க மட்டும்தான், ஒலி போவது ப்ளூடூத்தில். வயருக்கான பலன் ஒன்றும் கிடைக்காது.

வயர் அறுவது பெரும்பாலும் பின்னின் கழுத்திலும், வயர் இரண்டாகப் பிரியும் இடத்திலும். போனைச் சுற்றி இறுக்கிக் கட்டிவைத்தால் சீக்கிரம் அறும். வயரைத் தனியே கழற்றி மாட்டும் வசதியுள்ள இயர்போன் வாங்கினால், அறுந்தபோது வயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மின்தடை 16 முதல் 32 ஓம் வரை உள்ளதாக எடுங்கள். ஸ்டூடியோவுக்கான 250, 300 ஓம் ஹெட்போன்களைப் போனும் சிறு கன்வெர்ட்டரும் ஓட்டத் திணறும்.

படி 4: ப்ளூடூத் என்றால், முதல் முறை இப்படி இணையுங்கள்

1. இயர்பட்டை டப்பாவிலிருந்து எடுத்து, சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளின்மேல் கண்ணாடி போன்ற சிறு ஸ்டிக்கர் இருந்தால் உரித்துவிடுங்கள். அதை உரிக்காமல் "சார்ஜே ஏறவில்லை" என்று தவிக்கிறவர்கள் ஏராளம்.
2. டப்பாவில் வைத்து முழுக்க சார்ஜ் செய்யுங்கள்.
3. மூடியைத் திறந்ததும் விளக்கு மினுக்க வேண்டும். மினுக்காவிட்டால் டப்பாவின் பட்டனை 3 முதல் 5 செகண்ட் அழுத்துங்கள்.
4. போனில் செட்டிங்ஸ், ப்ளூடூத், புதிய சாதனம் என்று போய்ப் பெயரைத் தொடுங்கள்.
5. ஆண்ட்ராய்டில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரக் குறியைத் தொட்டு, அழைப்பு, மீடியா இரண்டும் ஆனில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மீடியா ஆஃபில் இருந்தால் போன் பேச முடியும், பாட்டு வராது.

ஒரு காதில் மட்டும் கேட்டால், போனில் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, இரண்டையும் டப்பாவில் வைத்து பட்டனை ஏறக்குறைய 10 செகண்ட் அழுத்தி ரீசெட் செய்து மறுபடி இணையுங்கள். இந்த நேரம் மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். அதன் பிறகும் ஒரு பக்கம் சத்தம் குறைவென்றால் வலையில் காது அழுக்கு அடைத்திருக்கும். ரப்பரைக் கழற்றி, வலை தரையைப் பார்க்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷால் தட்டுங்கள். ஊசியால் குத்தினால் அழுக்கு உள்ளே போய்விடும். போனின் அணுகல்தன்மை செட்டிங்ஸில் இடது-வலது சமநிலைக் கோடு நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 5: கோடெக்

ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஐபோனில் ப்ளூடூத் ஒலி எஸ்பிசி அல்லது ஏஏசி முறையில்தான் போகும். கூடுதல் விவரத்தோடு ஒலியை அனுப்பும் எல்டிஏசி கோடெக் இருக்கிறது என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கினாலும் ஐபோனில் அது வேலை செய்யாது. ஆண்ட்ராய்டில் பதிப்பு 8 முதல் எல்டிஏசி உண்டு. மாற்ற, போன் பற்றிய பக்கத்தில் பில்டு எண்ணை 7 முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ப்ளூடூத் ஆடியோ கோடெக்கைத் திறங்கள்.

எல்டிஏசியின் உச்சம் நொடிக்கு 990 கிலோபிட், சிடியின் அளவு 1411. ரயில் நிலையம் போல ப்ளூடூத்தும் வைஃபையும் நெருக்கும் இடத்தில் 990-இல் வைத்தால் பாட்டு வெட்டி வெட்டி வரும். 330 அல்லது 660-க்கு இறக்குங்கள். தெருச் சத்தத்தில் இந்த வித்தியாசத்தைக் காது பிடிப்பது கடினம். காதுக்குப் பொருந்தும் ரப்பரைத் தேர்ந்தெடுப்பது எந்தக் கோடெக்கையும்விட ஒலியை மாற்றும். பாஸ் குறைவாக இருக்கிறது என்று தோன்றினால் முதலில் ஓர் அளவு பெரிய ரப்பரைப் போட்டுப் பாருங்கள்.

சத்தமும் வியர்வையும்

பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை. ஐபோனில் ஒலி செட்டிங்ஸிலேயே ஹெட்போன் பாதுகாப்பு என்ற பகுதியில் உச்ச அளவைப் பூட்டலாம். பிள்ளைகளின் போனில் இன்றே பூட்டிவிடுங்கள்.

ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் வியர்வை, தூறல் தாங்கும். அந்தத் தாங்கும் சக்தி இயர்பட்டுக்குத்தான். டப்பாவுக்குப் பெரும்பாலும் இருக்காது. ஈரத்தோடு டப்பாவில் போட்டால் சார்ஜ் புள்ளிகளில் பச்சை படியும், பிறகு ஒரு பக்கம் சார்ஜ் ஏறாது. துடைத்து, உலரவிட்டு வையுங்கள். இயர்பட் பேட்டரியைச் சாதாரணமாக மாற்ற முடியாது. இரண்டு மூன்று ஆண்டில் ஓடும் நேரம் குறையத்தான் செய்யும். பெரிய ப்ளூடூத் ஹெட்போன் வாங்குவதானால், சார்ஜ் தீர்ந்தபின் வயர் போட்டும் பாடுகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாள் முடியும் முன்

வயர், ப்ளூடூத் எதுவானாலும் மூன்று சோதனை செய்யுங்கள். மின்விசிறி ஓடும் அறையில் ஒருவருக்குப் போன் செய்து, உங்கள் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள். நீங்கள் வழக்கமாக ஆடும் கேமை 10 நிமிடம் ஆடுங்கள். ப்ளூடூத் என்றால் போனைப் பின்பையில் வைத்து வீதியில் நடங்கள், உடம்பு சிக்னலை மறைத்தால் வெட்டு அங்கேயே தெரிந்துவிடும். வயர் என்றால் பாட்டு ஓடும்போது பின்னின் கழுத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள். கரகரவென்றால் பில்லோடு அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.