பட்டினி கிடந்து எடை குறைப்பவர்கள் எங்கே வழுக்குகிறார்கள்?

மூன்றாம் நாள் காலை, பல் துலக்கிய கையோடு எடை மெஷினில் ஏறி நின்றேன். முந்தாநாள் 84.2 காட்டிய மெஷின் 81.3 காட்டியது. இரண்டு நாளும் வெறும் தண்ணீரும் சர்க்கரை போடாத கடுங்காப்பியும்தான். வீட்டில் யாரும் இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டியிருப்பேன். நான்காம் நாள் ஒரு கல்யாணப் பந்தியில் விரதம் முடிந்தது. அடுத்த இரண்டே நாளில் மெஷின் 83.5க்கு ஏறிவிட்டது.

போன கிலோ எங்கே போனது, எந்த வழியாகத் திரும்பி வந்தது என்று அன்றைக்குத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். காலை டிபனைத் தள்ளிப்போடும் 16 மணி நேர விரதத்தையோ ஏகாதசியையோ பற்றி நான் சொல்ல வரவில்லை. ஐந்து நாள், ஏழு நாள், பத்து நாள் என்று தண்ணீரை மட்டும் குடித்துக் கிடக்கும் நீண்ட பட்டினிதான் விஷயம்.

அதன் கவர்ச்சி சும்மா வந்ததல்ல. அரை வயிற்றோடு இலையை விட்டு எழுந்திருப்பதைவிட, இலையில் உட்காராமலே இருந்துவிடுவது சுலபம். இரண்டு இட்லியோடு நிறுத்தவா, மூன்றாவதுக்குக் கை நீட்டவா என்ற போராட்டமே கிடையாது. கலோரிக் கணக்கு வேண்டாம், தனிச் சமையல் வேண்டாம், காசும் செலவில்லை. மூன்றாம் நாள் வாக்கில் பசியும் பலருக்கு அடங்கிவிடும். உடம்பு கொழுப்பை உடைத்துக் கீட்டோன் என்ற எரிபொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறது, அது பசியையும் ஓரளவு மட்டுப்படுத்துகிறது. தலை தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தத் தெளிவில்தான் ‘இன்னும் நான்கு நாள் இழுத்தால் என்ன’ என்ற யோசனையும் வரும்.

எடை மெஷினை நம்புவது

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. சாதாரண வேலை செய்யும் ஒருவருக்கு நாளைக்கு 2,000 கலோரி செலவாகும் என்று வையுங்கள். அத்தனையும் கொழுப்பிலிருந்தே வந்தாலும் ஒரு நாளில் கரையக்கூடியது 260 கிராம்தான். இரண்டு நாளில் அரைக் கிலோ. அப்படியானால் என் மெஷின் காட்டிய 2.9 கிலோவில் மீதி?

பெரும்பாலும் தண்ணீர். ஈரலும் தசையும் சேர்ந்து சுமார் 500 கிராம் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினியில் முதலில் காலியாவது இந்த இருப்பு. இருப்பு கரைய, பிடித்து வைத்த தண்ணீரும் போகிறது. கூடவே இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் வெளியே விடுகிறது, உப்போடு இன்னும் தண்ணீர். குடல் காலியானதும் ஒரு கணக்கு. இரண்டு வேளை சோறு சாப்பிட்டால் இதெல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். என் கல்யாணப் பந்தி செய்தது அதைத்தான்.

மெஷின் சொல்லாத இன்னொன்று தசை. மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும், கொழுப்பிலிருந்து அதைப் பெரிய அளவில் தயாரிக்க முடியாது. கீட்டோனுக்கு மூளை பழகும்வரை உடம்பு தசையைத்தான் உடைத்துக் கொடுக்கிறது. முதல் சில நாட்களில் நாளொன்றுக்கு 75 கிராம் அளவில் புரதம் இப்படிப் போகிறது. ஈரத்தசையாகப் பார்த்தால் 300 கிராமுக்குக் குறையாது. பிறகு இந்த வேகம் குறையும், ஆனால் நிற்காது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இழந்த தசையைத் திரும்பக் கட்டுவது பெரும்பாடு. எடை கூடும்போது தசை வருவதற்கு முன்னால் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். 1944–45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆய்வு செய்தார்கள். மீண்டும் சாப்பாடு கிடைத்தபோது அவர்கள் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள், உடல் கொழுப்பு பழைய அளவையும் தாண்டிப் போனது. மன உறுதி இல்லாதவர்கள் என்று அவர்களைத் திட்டி என்ன பயன்? பட்டினி கிடந்த உடம்பு அப்படித்தான் கேட்கும்.

382 நாள் கதையைப் பாதி மட்டும் கேட்பது

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஆங்கஸ் பார்பியேரியை இழுப்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர், 27 வயது. 1965–66ல் 382 நாள் உணவே இல்லாமல் இருந்து, 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தார். கதை உண்மை. ஐந்து வருடம் கழித்தும் 89 கிலோவில்தான் இருந்தார் என்பதும் உண்மை.

சொல்லாமல் விடுவது மற்ற பாதி. அவர் டண்டி நகர மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தார். வைட்டமின் மாத்திரையும் ஈஸ்ட்டும் கொடுத்தார்கள், தேவைப்பட்டபோது பொட்டாசியமும் சோடியமும் கொடுத்தார்கள், அடிக்கடி இரத்தப் பரிசோதனை நடந்தது. எரிப்பதற்கு 100 கிலோவுக்கு மேல் உபரி கையிருப்பு வேறு. 80 கிலோவில் இருந்துகொண்டு வயிற்றைக் கரைக்க நினைப்பவருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

அதே காலத்தில் அதே சிகிச்சையில் இறந்தவர்களும் உண்டு. 1969ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு 20 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார்கள். முப்பது வாரப் பட்டினியில் எடை ஏறத்தாழப் பாதியானது. மறுபடி சாப்பிடத் தொடங்கிய நாட்களில் இறந்துபோனார். இதயத் தசையின் இழைகள் துண்டு துண்டாகியிருந்தன. இப்படிப்பட்ட மரணங்களுக்குப் பிறகு மருத்துவர்கள் அந்த வைத்தியத்தையே மெல்லக் கைவிட்டார்கள்.

‘பட்டினிக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்’ என்பது இன்னொரு அரைக்கதை. 2016ல் யோஷினோரி ஓசுமிக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே செரித்து மறுபடி பயன்படுத்தும் ஆட்டோபேஜி எப்படி நடக்கிறது என்பதை அவர் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார். மனிதர்கள் ஏழு நாள் பட்டினி கிடந்தால் நோய் போகும் என்று அவர் நிரூபிக்கவில்லை.

மாத்திரையை மறந்துவிடுவது

என்னைக் கேட்டால் நம் ஊரில் மிக ஆபத்தான தவறு இதுதான். வீட்டுக்கு ஒருவர் சுகர் மாத்திரை போடுகிற காலம் இது.

எங்கள் சித்தப்பாவுக்குப் பத்து வருடமாகச் சுகர். வாட்ஸ்அப் குழுவில் யாரோ அறிவித்த ஐந்து நாள் சவாலில் சேர்ந்துவிட்டார். இரண்டாம் நாள் மதியம் பஸ் ஸ்டாப்பில் நின்றவருக்குக் கை நடுங்கி, சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்து, பேச்சு குழறியிருக்கிறது. குடித்திருக்கிறார் என்று பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கிப் போனார்கள். டீக்கடைக்காரர்தான் புரிந்துகொண்டு சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ கொடுத்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சுகர் 48.

“பட்டினி கிடக்கறப்போ ஏன் சித்தப்பா மாத்திரை போட்டீங்க?”

“ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரேப்பா!”

அவர் மேல் தப்பில்லை. அவர் போடுவது கிளிமிபிரைடு. சாப்பிட்டாரா இல்லையா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது, கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். டீ குடித்துத் தெளிந்த பிறகும் சாயங்காலம் மறுபடி சுகர் இறங்கியது. மருந்து இன்னும் உடம்பில் இருந்ததே. அதனால்தான் இரவு முழுக்க வைத்திருந்து பார்த்தார்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும். இவற்றைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். குளுக்கோமீட்டரில் சுகர் ஏறக்குறைய நார்மலாகத்தான் இருக்கும். வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு வந்தாலும், ‘சுகர் சரியாத்தானே இருக்கு’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

பிரஷர் மாத்திரையும் கவனிக்க வேண்டியதே. பட்டினியில் உப்பும் நீரும் போவதால் பிரஷர் தானாகவே இறங்கும், மாத்திரை இன்னும் இறக்கும். விடிகாலையில் பாத்ரூமுக்கு எழுந்து தலை சுற்றி விழுபவர்கள் இப்படித்தான் விழுகிறார்கள். சரி, மாத்திரையை நாமே நிறுத்திவிடலாமா? அதுவும் கூடாது. டைப் 1 சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எதை, எவ்வளவு, எப்போது குறைப்பது என்று உங்கள் டாக்டரிடம் பட்டினி தொடங்கும் முன்பே கேட்க வேண்டும்.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், மெலிந்திருப்பவர்கள், சிறுநீரகமோ இதயமோ பழுதானவர்கள், சாப்பாட்டோடு மனதளவில் ஏற்கெனவே சண்டை போட்டவர்கள், இவர்களுக்கு நீண்ட பட்டினி வேண்டவே வேண்டாம். யூரிக் அமிலம் அதிகமாக உள்ளவர்களும் யோசிக்க வேண்டும். கீட்டோன் ஏறும்போது சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவது குறைகிறது, கால் கட்டை விரல் வீங்கிக் கிடக்க நேரலாம். எடை வேகமாகக் குறைந்தால் பித்தப்பையில் கல்லும் உருவாகலாம்.

தண்ணீரையும் விடுவது

‘டிரை ஃபாஸ்டிங்’ என்று இப்போது ஒன்று பரவுகிறது, எச்சில்கூட விழுங்கக் கூடாதாம். தண்ணீர் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு நம் வரலாற்றிலேயே இரண்டு மரணங்கள் இருக்கின்றன. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரி 1956ல் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் எழுபது நாட்களைத் தாண்டித்தான் இறந்தார். 1987 செப்டம்பரில் யாழ்ப்பாணத்து நல்லூரில் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் இருந்த விடுதலைப் புலிகள் இயக்கத்தின் திலீபன் பன்னிரண்டாம் நாள் இறந்தார், வயது 23. அவர்கள் எதற்காக இருந்தார்கள் என்பதையும் தொப்பை குறைப்பதையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. உடம்பின் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் சரியல்ல. உப்பு உள்ளே போகாமல் தண்ணீர் மட்டும் போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும்.

விரதத்தை விருந்தால் முடிப்பது

‘எட்டாம் நாள் பிரியாணி’ என்று எண்ணிக்கொண்டே ஏழு நாளை ஓட்டுபவர்கள் உண்டு. உண்மையில் அந்த எட்டாம் நாளுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

பட்டினியின்போது உடம்பு தன் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசிய இருப்பைக் கரைத்துக்கொண்டே வரும். ஆனால் செல்லுக்குள் இருப்பது வெளியே கசிந்து சமாளிப்பதால் இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே தெரியலாம். திடீரென்று சோறும் இனிப்பும் போனால் இன்சுலின் சீறி எழும். குளுக்கோஸோடு சேர்த்து இந்த உப்புகளையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அவை சரசரவென்று விழ, இதயம் தாளம் தப்பும், மூச்சுத் தசைகள் தளரும். மாவுச்சத்தை எரிபொருளாக்கத் தயாமின் வைட்டமின் வேண்டும், அதுவும் தீர்ந்திருக்கும். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, பட்டினியில் தப்பிப் பிழைத்த கைதிகள் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்ததைப் பார்த்துத்தான் மருத்துவ உலகம் இதை ஊன்றிக் கவனித்தது.

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவரை இந்த ஆபத்துள்ளவர் என்றே பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்கிறது. பத்து நாளைத் தாண்டினால் இன்னும் குறைவாக, இரத்தப் பரிசோதனையோடுதான் கொடுக்க வேண்டும். அதாவது அது வீட்டில் செய்யும் காரியமே அல்ல.

ஒரே ஒரு நாள் ஏகாதசி இருந்தவர்களுக்குக்கூடத் துவாதசிப் பாரணையில் நம் பாட்டிகள் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும்தான் வைத்தார்கள். இரண்டு மூன்று நாள் இருந்தவர் கொஞ்சம் மோர், கொஞ்சம் பருப்புத் தண்ணீர், குழைந்த கஞ்சி என்று சிறிது சிறிதாக ஆரம்பிக்கலாம். பாயசமும் கரும்புச் சாறும் அன்றைக்கு வேண்டாம்.

சாப்பிட ஆரம்பித்த முதல் சில நாட்களில் கால் வீங்கினாலோ, படபடப்போ மூச்சுத்திணறலோ வந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ‘உடம்பு அசதியாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிட வாய்ப்பு அதிகம், தயாமின் தீர்ந்துபோன உடம்பில் அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். அதனால் வாய் திறந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, ‘நான் இத்தனை நாள் சாப்பிடவில்லை’ என்பது.