மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் வார்டில் நைட் டியூட்டி பார்க்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு: மூச்சை எண்ணாமல் சார்ட்டில் வழக்கம்போல 18 என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். எண்ணப்போவதாகச் சொன்னால் மூச்சின் போக்கே மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் கவனியுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. 25ஐத் தொட்டால், விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 97 சதவீதம் என்று காட்டினாலும் டாக்டரை உடனே கூப்பிடுங்கள்.

அப்புறம், “ஆச்சி நேத்து நல்லா பேசிட்டு இருந்தாவ, இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்காவ” என்று கூட இருப்பவர் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். புதிதாக வரும் குழப்பமும் அபாய அறிகுறிதான்; மானிட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அதைத்தான் கேட்பேன். டாக்டரிடம் சொன்ன நேரத்தையும் எழுதி வையுங்கள்.